இலை வளையத்துக்குள் பூபாலன்

கல்பனா டீச்சர் கடைக்கு வந்தபோது நான் ஒரு கவுன்சிலரின் மூக்கைச் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன். பேனர் தொழிலில் இதெல்லாம் சகஜம். ஆலங்காயத்தில் எங்களுடையதையும் சேர்த்து இரண்டு கடைகள் உண்டு. இன்னொரு கடையில் எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு காதுகுத்து போர்டு வந்து நான் பார்த்ததில்லை. நான் பதினாறு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் வருகை, கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் என் நெடுநாள் எரிச்சல்.

டீச்சர் ஜவ்வாது மலைமேல் இலுப்பமரத்தூர் பள்ளியில் வரலாறு எடுப்பவர். எல்லையில் சண்டை மூண்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. காயம்பட்ட சிப்பாய்களுக்காக ஊரில் ஒரு சந்தை போடப்போவதாகச் சொன்னார். பெண்கள் சாமை முறுக்கு, தேன், புளி, கடுக்காய் என்று கையில் இருப்பதைக் கொண்டுவந்து விற்பார்கள். வரும் பணத்தையெல்லாம் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அதுக்கு ஒரு போர்டு வேணும்ணா. ஆனா உங்க வழக்கமான போர்டு வேணாம்."

"வழக்கமான போர்டுக்கு இன்னா கொறச்சல் டீச்சர்?" எனக்குச் சுருக்கென்றது.

அவர் போனை நீட்டினார். அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெரிய கூடம், வளைவு வளைவாகக் கூரை, எங்கு பார்த்தாலும் கொடிகள், கடை கடையாகத் தட்டிகள். குடை விரித்த மாதிரி பாவாடை கட்டிய பெண்கள் எதையோ விற்கிறார்கள். தொப்பி போட்டவர்கள் வாங்குகிறார்கள். ஒரு கால் இல்லாத சிப்பாய் ஒருவன் கட்டைக்காலோடு நடுவில் நிற்கிறான்.

"அமெரிக்காவுல நூத்தி அறுபது வருஷம் முன்னாடி உள்நாட்டுப் போர் நடந்துது இல்லியா, அப்ப பொம்பளைங்க போட்ட சந்தை இது. பேரு சானிட்டரி ஃபேர்."

"சானிட்டரின்னா? கக்கூஸ் சாமான் வித்தாங்களா?"

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிப்பாய்களின் சுகாதாரத்துக்கும் வைத்தியத்துக்கும் என்று ஒரு சங்கம் இருந்ததாம், அதற்குப் பணம் சேர்க்கப் போட்ட சந்தையாம், அதனால்தான் அந்தப் பெயராம். ஓட்டுப்போடும் உரிமைகூட இல்லாத பெண்கள் ஊசியும் நூலும் ஊறுகாயும் விற்று ஆஸ்பத்திரிகளை நடத்தினார்கள் என்றார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை. சொந்த அத்தை செய்த காரியத்தைச் சொல்கிறவர் மாதிரி இருந்தது.

எனக்கு அந்தப் பெண்களைவிடப் படம்தான் முக்கியமாகப் பட்டது. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் சாம்பல் நிறமே இல்லை. எல்லாம் கோடு. நிழல் வேண்டிய இடத்தில் கோடுகள் நெருக்கம், வெளிச்சத்தில் விலகல், கன்னத்தில் வளைந்து போகும் கோடு, துணியில் மடிந்து போகும் கோடு. மரக்கட்டையில் செதுக்கி மைதடவி அச்சடித்தது என்றார் டீச்சர். பெரிய படமென்றால் ஒரே கட்டை போதாதாம். சின்னச் சின்னக் கட்டைகளை போல்ட் போட்டு முடுக்கிச் சேர்ப்பார்களாம். அவசரமென்றால் கட்டைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகச் செதுக்குவார்களாம். உற்றுப் பார்த்தால் கூட்டத்தின் நடுவே மயிரிழையாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது, கட்டைகள் சேர்ந்த இடம். யாரோ ஒருத்தன் தொப்பியைச் செதுக்கியிருக்கிறான், வேறு யாரோ அதே ஆளின் காலைச் செதுக்கியிருக்கிறான். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடமாக நான் ரோஸ் கலரைக் கொட்டிக் கொட்டி என்ன செய்துகொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

"இதே மாதிரி செஞ்சித் தர்றேன் டீச்சர். இதே மாதிரி," என்றேன்.

டீச்சர் இன்னொரு படமும் காட்டினார். நடுவில் சந்தை, நான்கு மூலையிலும் முட்டை வடிவத்தில் குட்டிப் படங்கள், உச்சியில் இலைகளைக் கோத்த வளையத்துக்குள் ஒரு தளபதியின் முகம். அந்த இடத்தில் பூபாலனைப் போடலாம் என்றார். இலுப்பமரத்தூரிலிருந்து ராணுவத்துக்குப் போனவன் அவன் ஒருவன்தான், அப்போது எல்லையில் இருந்தான். போட்டோவை அவனுடைய ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்துத் தந்தார்.

"அவங்க அம்மா ரத்தினம்மாளுக்குச் சொல்லல. சந்தை அன்னிக்கிக் காலைல பாத்து அவங்க ஆச்சரியப்படணும்."

மூன்று நாள் உட்கார்ந்தேன். கவுன்சிலர் ஆள்விட்டுத் திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் போட்டோ கோட்டுப்படம் ஆகிவிடும், ஆனால் அது செத்த கோடு. நான் ஒவ்வொன்றாக இழுத்தேன். பூபாலனின் கன்னத்துக்கு மட்டும் ஒரு சாயங்காலம் போனது. அவனுக்கு இருபத்தாறு வயது, மீசை சரியாக முளைக்காத முகம், அதற்குக் கொஞ்சமாகக் கோடு போட்டால் போதும், ஆனால் எங்கே போடுவது என்பதுதான் பாடு. பாவாடைக்காரிகள் இருந்த இடத்தில் நம் ஊர்ப் பெண்களை முறத்தோடும் தேன் பாட்டிலோடும் நிறுத்தினேன். உச்சியில் அவனைச் சுற்றி இலை வளையம். இலைக்குக் கீழே "எங்கள் வீரன் பூபாலன்." அதற்கும் கீழே டீச்சர் எழுதித் தந்த வாசகம்: "உன் தியாகத்துக்குத் தலைவணங்குகிறோம் – ஊர்மக்கள்." சந்தை நடக்கும் நேரமும் இடமும் பழைய பத்திரிகை மாதிரி அடியில் பொடி எழுத்தில். படம் முழுக்கக் கறுப்பும் பழுப்பேறிய வெள்ளையும்தான், ஒரு பொட்டு வேறு கலர் கிடையாது.

வாட்ஸப்பில் அனுப்பினேன். "அற்புதம்ணா, அப்படியே அந்தக் காலத்து மரச்செதுக்கல்!" என்று டீச்சர் பதில் போட்டார். அதை நான் பத்து தடவையாவது படித்திருப்பேன்.

போர்டு கட்டுகிற குப்பனிடம் அச்சடித்துச் சுருட்டியதைக் கொடுத்து, விடிகாலையில் இலுப்பமரத்தூர் முனையில் கட்டிவிடும்படி சொன்னேன். கடையில் இரண்டு வேலை பாக்கி இருந்தது. முடித்துக்கொண்டு பைக்கை எடுத்தபோது மணி பத்து. பாராட்டு வாங்கப் போகிற ஆள் மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு போனேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சட்டையைக் கொளுத்த வேண்டும் போல இருக்கிறது.

கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி முனியன் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கடை திறந்திருந்தது, அடுப்பு மூட்டவில்லை. முனியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். மேலே எங்கிருந்தோ மேளச் சத்தம் வந்தது. சந்தைக்கு மேளம் சொன்னதாக டீச்சர் சொல்லவில்லையே என்று யோசித்தேன். அதுவும் இந்த அடி கல்யாண அடி இல்லை.

"யாருங்க?" என்றேன்.

"உனுக்குத் தெரியாதா? இலுப்பமரத்தூர் பூபாலன் போய்ட்டாம்பா. மிலிட்டிரிக்காரன். சண்டைல."

வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நாளாக அந்த முகத்தோடு இருந்தவன் நான். அவன் இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருப்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோதே குண்டு பட்டிருக்குமா? கன்னத்துக்குப் போன அந்தச் சாயங்காலமா? கண்ணில் நீர் முட்டியது. அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கண்ணீர் அஞ்சலிக்கும் நம்மிடம்தான் வருவார்கள், படம் தயாராக இருக்கிறது, அடி வாசகத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். தொழில் மனிதனை அப்படி ஆக்கிவிடுகிறது.

முனியனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஆட்கள். அமிர்தி பக்கத்திலிருந்துகூட சொந்தக்காரர்கள் வேனில் வந்திருந்தார்கள், கையில் மாலை.

"எப்ப தகவல் வந்துதாம்?" என்று முனியனிடம் கேட்டேன். "ராணுவத்துலேர்ந்து யார்னா வந்தாங்களா? ஃபோனா?"

"அதெல்லாம் தெரியல. காலைல மொத பஸ்ஸுல வந்தவங்கதான் பாத்திருக்காங்க. ஊர் முனைல போர்டு வெச்சிட்டாங்களே."

வண்டி தானாகவே நின்றுபோனது போலிருந்தது. நான்தான் பிரேக் பிடித்திருக்கிறேன். எதிரில் முனை. எதிரில் என் போர்டு.

கறுப்பு வெள்ளை முகம். சுற்றி இலை வளையம். எங்கள் வீரன் பூபாலன். உன் தியாகத்துக்குத் தலைவணங்குகிறோம். போர்டின் மேல் இரண்டு மூலையையும் சேர்த்து ஒரு சாமந்தி மாலை வேறு தொங்கியது. அதன் அடியில் ஊதுபத்தி புகைந்தது. நடுவில் இருந்த சந்தைப் படத்தைப் பாதி மாலை மறைத்திருந்தது, அடியில் இருந்த பொடி எழுத்தை அதன் குஞ்சம் மறைத்திருந்தது.

ஆயிரம் கண்ணீர் அஞ்சலி போர்டுகள் என் கையால் போயிருக்கின்றன. உயிரோடு இருப்பவனை இப்படிப் போடமாட்டோம் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். கறுப்பு வெள்ளையாக்கி ஒரு வளையத்துக்குள் வைத்துவிட்டால் அவன் கதை முடிந்தது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் மூன்று நாள் தெரியாமல் போனது. நான் பார்த்ததெல்லாம் கோடு. அந்தத் தளபதி அங்கே உயிரோடுதான் இருந்தான், அவர்கள் ஊரில் இலை வளையம் வெற்றிக்கு அடையாளம், இங்கே அது பாடைக்கு அடையாளம் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை.

குப்பன் போர்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சார், அந்த மாலைக்கு நீ துட்டு குடுக்க வேணாம். சின்னப் புள்ள, மனசு கேக்கல, நானே வாங்கிப் போட்டேன்."

"குப்பண்ணே, இது சந்தை போர்டு," என்றேன். "அவன் சாவல."

அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இன்னாத்துக்கு சார் இப்டி அடிச்ச?"

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

ரத்தினம்மாள் வீட்டு வாசலில் தரையில் கிடந்தாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவள். விடிகாலையில் கொல்லைக்குச் சாமை அறுக்கக் கிளம்பியவள் முனையில் மகன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அங்கேயே அரிவாளைப் போட்டுவிட்டு விழுந்தவளைத் தூக்கிவந்து போட்டிருக்கிறார்கள். நெற்றியில் அடித்து அடித்து இரத்தம் கசிந்திருந்தது. சுற்றிலும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்த வட்டத்தில் கல்பனா டீச்சரும் இருந்தார், அவரும் அழுதுகொண்டிருந்தார். சத்தம் கேட்டுப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குறுக்கு வழியில் ஓடி வந்திருக்கிறார், முனைப் பக்கமே போகவில்லை. நிஜமாகவே தகவல் வந்துவிட்டது என்று நம்பியிருக்கிறார்.

அவரைத் தனியே இழுத்துச் சொன்னேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"நான்தான பாத்து அற்புதம்னு அனுப்பினேன்," என்றார். "நான்தான தியாகம்னு எழுதினேன்."

அவருக்கு ஆறுதல் சொல்ல நேரம் இல்லை. மேளக்காரர்களைக் கையைக் காட்டி நிறுத்தினேன். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. போர்டு சந்தைக்கு அடித்தது, தப்பு என்மேல், எந்தத் தகவலும் வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பூபாலனின் பெரியப்பா சடையன் எழுந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் அடிக்காமல் பிடியை விட்டார்.

ரத்தினம்மாள் தலையைத் தூக்கினாள்.

"அப்ப எம்புள்ள உசுரோட கீறானா?"

"ஆமாம்மா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு என்ன தெரியும்? அவன் போனில் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அங்கே சண்டை நடக்கிறது. நான் போர்டு அடித்தவன். அவன் செத்ததாக நான் சொன்னது பொய், அவ்வளவுதான். அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

"தெரியாதும்மா," என்றேன்.

அந்த ஒரு சொல் போர்டைவிட மோசமாக இருந்தது. அழுதுகொண்டிருந்தவர்களால் தொடர்ந்து அழவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. வேனில் வந்தவர்கள் மாலையைக் கீழே வைப்பதா கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். மேளக்காரர் ஒருவர் சடையனிடம் தணிந்த குரலில் "அடிக்கிறதா, வேணாமா?" என்று கேட்டார்.

அவசரத்துக்கு என்று பூபாலன் எழுதிக்கொடுத்த நம்பர் ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். ஏறினோம், டீச்சர், சடையன், நான். டீச்சரின் போனிலிருந்து அடித்தோம். ஏழாவது தடவை யாரோ எடுத்தார்கள், இந்தியில் பேசினார்கள். வாணியம்பாடியில் மூன்று வருடம் தோல் கம்பெனியில் இருந்தபோது எனக்கு உருது ஒட்டிக்கொண்டிருந்தது. பேர் சொல்லி, ஊர் சொல்லி, அவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டேன். அந்த ஆள் எரிந்து விழுந்தான். யார் நீ, எதற்கு இப்படிக் கேட்கிறாய் என்றான். அவன் அம்மா கேட்கிறாள் என்றேன். அங்கே யாரிடமோ விசாரித்தான். பிறகு, "வோ கயா ஹை" என்றான், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றான், வைத்துவிட்டான்.

"இன்னா சொன்னான்?" சடையன் என் கையைப் பிடித்தார்.

போய்ட்டான். அதுதான் அந்த மூன்று சொல்லுக்கும் தமிழ். வாய்வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, "டூட்டிக்கு வெளிய கீறானாம், வந்ததும் பேசுவானாம்," என்றேன். சொன்ன பிறகு, அந்த ஆள் எதையாவது மறைத்தானோ என்ற பயம் எனக்கு மட்டும் தனியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ரத்தினம்மாளைக் கைத்தாங்கலாகப் பாறைக்குக் கூட்டிவந்தார்கள். அவள் பின்னாலேயே ஊரும் வந்தது. மாலைகளோடு, மேளத்தோடு, எல்லோரும். பள்ளி மைதானத்தில் முறுக்கும் தேனும் வைக்கப் போட்ட பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. வெயில் ஏறியது. யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டீச்சரின் போன் பாறைமேல் கிடந்தது, நூறு பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருமுறை மணி அடித்தது. லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். டீச்சர் அதை அணைத்து மறுபடி பாறைமேல் வைத்தார்.

மூன்று மணிக்கு மறுபடி அடித்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், நான் பூபாலன். அம்மாக்கு இன்னா ஆச்சி?"

கூட்டம் மொத்தமும் வாயைத் திறந்தது. ரத்தினம்மாள் ஒரு கையை உயர்த்தினாள். அத்தனை பேரும் அப்படியே அடங்கினார்கள். போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எனுக்கு ஒண்ணும் ஆவலடா. நல்லா கீறேன். நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. யாரோ போன் பண்ணி நான் உசுரோட கீறனான்னு கேட்டாங்களாம். பயந்தே பூட்டேன். அங்க இன்னா கூட்டம்?"

"சந்தைடா. டீச்சரு சந்தை போட்டிருக்காங்க. உங்க மிலிட்டிரிக்காரங்களுக்கோசரம்தான். ஊரே வந்திருக்குது. அமிர்தியிலேர்ந்து உங்க மாமா வூட்டாளுங்ககூட வந்திருக்காங்க." நெற்றியிலிருந்து வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. "மேளம்கூட வந்திருக்குது. கேக்கறியா?"

அவள் மேளக்காரர்களைப் பார்த்தாள். அவர்களுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு ஒருவர் அடித்தார். காலையில் அடித்த அதே மேளத்தில் கல்யாண அடி அடித்தார். அவர் கண்ணிலிருந்து நீர் தோலின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

பூபாலன் சிரிப்பது கேட்டது. இரண்டு நிமிடம்தான் பேசினான்.

போன் அடங்கியதும் பெண்கள் ஓவென்று அவளைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ முறுக்குக் கூடையைத் திறந்தார்கள். சடையன் முனைக்கு ஆள் அனுப்பி, போர்டைக் கிழித்து எரிக்கச் சொன்னார். நான் பாறைக்குக் கீழே தனியாக நின்றேன். எனக்கு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் அங்கே அழ எனக்கு என்ன உரிமை?

ரத்தினம்மாள் என்னிடம் வந்தாள்.

"அடிச்சிடுங்கம்மா," என்றேன். "நாலு அடி அடிச்சிடுங்க."

"அடிச்சி இன்னா ஆவப்போவுது தம்பி." அவள் என் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். "எனுக்கு எழுத்து தெரியாது. யாரு வூட்டுல கல்யாணம், யாரு வூட்டுல சாவு, எல்லாம் நீ அடிக்கிற போர்டப் பாத்துதான் தெரிஞ்சிக்குவேன். இத்தினி வருஷத்துல அது ஒருவாட்டிகூட பொய் சொன்னதில்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சண்டை இன்னும் முடியல. நாளைக்கி நெசமாவே எம்புள்ளைக்கு ஒரு போர்டு வெச்சாங்கன்னு வெச்சிக்க. அதயும் நீ தப்பா அடிச்சதுன்னுதான் நெனப்பேன். நான் அழுவமாட்டேன். யாரு சொன்னாலும் நம்பமாட்டேன். அந்தப் பாறை மேல போய் அவன் ஃபோனுக்கு ஒக்காந்துகினே இருப்பேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எத்தினி நாளு ஒக்காரணும்னு நீயே சொல்லு தம்பி."

அவள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.